தண்ணீர் ஊற்றும் கை

என் வீட்டுக்கு நான்கு வருடம் வந்துபோன ஒருவர் நான் நீட்டிய தண்ணீரில் ஒரு வாய்கூடக் குடித்ததில்லை. காபி, மோர், பாயசம் எதுவும் கிடையாது. நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் பகையாளி வாசல் ஏறினாலும் முதலில் சொம்பை நீட்டிவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்போம். அந்தச் சொம்பை வாங்காமல் ஒருவர் திரும்பிப் போனால் அதற்கு ஆயிரம் அர்த்தம் உண்டு. அதில் ஒன்றுகூட நல்ல அர்த்தம் இல்லை. எனக்கோ கோபம் மூக்குக்கு மேல் வரும். அப்படிப்பட்ட என்னோடு அவர் நான்கு வருடம் பழகினார் என்றால், அந்தப் பெருமையில் பாதி எனக்கும் சேர வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

நசரத்பேட்டையில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தை ஒட்டிய சந்தில் அவர் வீடு. வேலை முடிந்து, பூந்தமல்லியில் பஸ் மாறி, மெட்ரோவுக்குத் தோண்டிய தூசி முழுவதையும் தலையில் வாங்கிக்கொண்டு வந்து இறங்குவேன். அவர் வாசலில் இரும்பு ஸ்டாண்டில் ஏழெட்டு மீன் தொட்டிகள் வரிசையாக இருக்கும். மீன் இருக்காது. தண்ணீரும் இருக்காது. கூழாங்கல்லும் மணலும் பரப்பி, அதன்மேல் தடித்த இலைகளை ரோஜா இதழ்போல விரித்துக்கொண்டு சின்னச் சின்னச் செடிகள் உட்கார்ந்திருக்கும். நர்சரிகளில் சக்குலண்ட் என்பார்களே, இலைக்குள்ளேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு பிழைக்கும் வகை, அவைதான்.

எனக்கும் ஒரு தொட்டி வேண்டும் என்று ஒருநாள் கேட்டேன். அவர் முக்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. நாற்பத்தைந்து வயது இருக்கும், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஒல்லியான உடம்பு, மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கை. என்னைத் தலை முதல் கால் வரை ஒரு முறை பார்த்தார்.

"ஊட்ல ஜன்னல் எந்தப் பக்கம் கீது?"

"கிழக்க ஒண்ணு, மேற்க ஒண்ணு."

"மேக்கால வெச்சியின்னா கண்ணாடிக்குள்ள வெந்து பூடும். கெயக்கால வெக்கணும். தண்ணி ஊத்தற கை யாரு?"

"என்ன கை?"

"ஊட்ல செடிக்குத் தண்ணி ஊத்தறது யாரு? நீயா, ஊட்டுக்காரரா?"

"நான்தான்."

என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அதில் என்ன தெரிந்ததோ, உதட்டைப் பிதுக்கினார். "தாராளமான கை. பேஜாருதான். ஜன்னலப் பாத்துட்டு அப்பால சொல்றேன்."

பொருளை விற்பதற்கு முன்னால் வாங்குபவரின் வீட்டைப் பார்க்க வந்த ஒரே வியாபாரி அவர்தான். இரண்டாவது மாடிக்கு ஏறுவதற்குள் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார். நான் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் நீட்டினேன். "வேணாம்மா, வெச்சிடு" என்று சொல்லிவிட்டு ஜன்னலிடம் போய்விட்டார். காலை வெயில் எதுவரை விழுகிறது என்று விசாரித்து, என் வழவழப்பான தரையில் சாக்பீஸால் கோடு கிழித்தார். கிளம்பும்போதும் டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் என் கணவரிடம் பொருமினேன். "நம்ம வீட்டுல கை நனைக்க மாட்டாங்க போல. நம்மள யாருன்னு நெனச்சாங்களாம்?"

"தாகமா இல்லாம இருந்திருக்கும்" என்றார் அவர்.

"மாடி ஏறி இளைச்சு வந்தவங்களுக்குத் தாகம் இல்லாம இருக்குமா?"

இரண்டாவது முறை தொட்டியின் அளவு பார்க்க வந்தார். அப்போதும் டம்ளர் அப்படியே இருந்தது. மூன்றாவது முறை தொட்டியும் சாமான்களுமாக வந்தபோது நான் டம்ளரை நீட்டியபடி எதிரில் நின்றுவிட்டேன். "எங்க வீட்டுத் தண்ணி உங்களுக்கு ஆகாதாக்கா? ஆகாதுன்னா வாயத் திறந்து சொல்லிருங்க."

அவர் சிரித்தார். இடது ரவிக்கைக் கையை மேலே சுருட்டி, என் விரல்களை எடுத்து முழங்கைக்குப் பக்கத்தில் வைத்தார். தோலுக்கடியில் தடித்த நரம்பு ஒன்று புடைத்துக்கொண்டு விர்ரென்று அதிர்ந்தது. நான் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டேன்.

"பயப்படாத, மோட்டார் ஓடுது. டயாலிசிஸ் ஊசி குத்தறதுக்கோசரம் ஆபரேஷன் பண்ணி வெச்ச நரம்பு. எனுக்குக் கிட்னி ரெண்டும் பூட்ச்சும்மா. திங்கள், புதன், வெள்ளி மெஷின்ல ரத்தத்தக் கய்விகினு வரணும். குடிக்கற தண்ணி வெளிய போவாது. உள்ளயே தங்கி நெஞ்சுக்கு ஏறி மூச்ச அடைச்சிடும். ஒரு நாளிக்கு முக்கா லிட்டருதான். டீ, ரசம், மாத்திர அல்லாம் அதுக்குள்ள. ஒன் டம்ளரு கால் லிட்டரு புடிக்கும். அத இப்ப குடிச்சா ராத்திரி மாத்திரைக்கு இன்னா பண்ணுவேன்?"

எனக்கு அவமானமாகிவிட்டது. மன்னிச்சுக்குங்கக்கா என்று முணுமுணுத்தேன்.

"இன்னாத்துக்கு? நீ மூஞ்சிக்கு நேரா கேட்ட. கேக்காத பேசறவளுங்கதான் தெருவுல நெறய கீறாளுங்க. அந்த ஜல்லியக் கொண்டா."

அன்று அவர் தொட்டி கட்டியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அது அடியில் விரிசல் விட்ட மீன் தொட்டி. மீனுக்கு உதவாது, செடிக்கு அதுதான் வேண்டும், தப்பித்தவறி ஊற்றிவிட்டாலும் ஒழுகிவிடும் என்றார். அடியில் பொடி ஜல்லி. அதன்மேல் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டு வாங்கிய அடுப்புக்கரி, சின்னத் துண்டுகளாக உடைத்தது. அதன்மேல் பழைய கொசுவலைத் துண்டு, மண் கீழே இறங்காமல் இருக்க. பிறகு செம்மண் ஒரு பங்கு, நன்றாக அலசிய மணல் இரண்டு பங்கு. செடிகளை நட்டுவிட்டு வேரைச் சுற்றி ஸ்பூனின் காம்பால் மெல்லக் குத்தி இறுக்கினார். மூடி கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். மூடினால் உள்ளேயே வியர்த்து அழுகுமாம்.

எல்லாம் முடிந்ததும் நான் பழக்கதோஷத்தில் தண்ணீர் எடுக்க எழுந்தேன். அவர் என் புடவைத் தலைப்பைப் பிடித்து உட்கார வைத்தார். "பத்து நாளிக்கு ஒண்ணியும் கெடயாது. வேர்ல காயம் கீது. காயம் ஆறாம ஊத்தினா அழுகிடும். அப்பால தொடப்ப ஈர்க்கு ஒண்ணு எடுத்து அடி வரிக்கும் குத்திப் பாரு. ஈர்க்குல மண்ணு ஒட்டினா ஊத்தாத. சுத்தமா வந்தா, இன்னும் ஒரு நாளு கம்முனு இருந்துட்டு ஊத்து."

"சுத்தமா வந்த பிறகும் எதுக்கு ஒரு நாள்?"

"ஒன் கைக்கோசரம் அது. செடிக்கு இல்ல."

அவர் அந்த மண்ணின் பழைய குடும்பத்தைச் சேர்ந்தவர். எங்கள் கட்டடம் நிற்கிற இடத்தில் அவருடைய அப்பா நெல் போட்டிருந்தாராம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு ஏக்கமும் இருக்காது. "எங்க நைனா புத்திசாலி. நல்ல நேரத்துல வித்தாரு. அல்லாங்காட்டி இந்தச் சேத்துல யாரு எறங்கறது?" என்பார். உடம்பு கெடுவதற்கு முன்னால் அதே வீட்டு வாசலில் கலர் மீன் கடை வைத்திருந்தார். குடம் குடமாகத் தண்ணீர் மாற்றும் வேலை அது. இடது கையில் ஊசி நரம்பு வைத்த பிறகு அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாதென்று சொல்லிவிட்டார்கள்.

"தண்ணி தூக்கறதும் போச்சு, தண்ணி குடிக்கறதும் போச்சு. அதான் தண்ணி கேக்காத ஆளுங்களா பாத்து ஊட்ல சேத்துகினேன்" என்றார் ஒருமுறை. இதில் அவர் கணவர் தண்ணீர் லாரி ஓட்டுபவர். பன்னிரண்டாயிரம் லிட்டரை ஏற்றிக்கொண்டு ஒரு நாளைக்கு நான்கு நடை அடிப்பார். "அவரு பன்னண்டாயிரம், நான் முக்கா. ஜோடிப் பொருத்தம் எப்டி?" என்று என்னிடம் கண்ணடிப்பார்.

அந்த முக்கால் லிட்டரை அவர் ஆண்ட விதத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். காலையில் ஒரு பழைய நன்னாரி சர்பத் பாட்டிலில் அன்றைய தண்ணீரை நிரப்பிவிடுவார். டீ குடித்தால் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து ஒரு கிண்ணத்தில் ஊற்றிவிடுவார். சாப்பாட்டில் ரசம் சேர்த்துக்கொண்டால் அதற்கும் ஊற்றுவார். சாயங்காலம் பாட்டிலில் மிச்சம் இருப்பதுதான் அவர் பங்கு. கிண்ணத்தில் சேர்ந்த தண்ணீரை ஊசி இல்லாத சிரிஞ்சில் உறிஞ்சி, எந்தச் செடிக்கு முறை வந்திருக்கிறதோ அதன் வேரோரமாக இறக்குவார். இலை மேல் ஒரு சொட்டு படாது. அவர் குடிக்காமல் விட்ட தண்ணீரைத்தான் அந்தச் செடிகள் குடித்தன.

"கஷ்டமா இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"மொத வருஷம் கனாவுலகூட கொயாத் தண்ணிதான் வந்துச்சு. இப்ப அளவு தெரிஞ்சு போச்சு. அளவு தெரியாதவங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார். அவர் பேச்செல்லாம் இப்படித்தான், ஆணி அடித்ததுபோல இருக்கும். ஆஸ்பத்திரி நர்ஸிடமும் அப்படித்தான் பேசுவார் என்று அவர் கணவர் பெருமையோடு அலுத்துக்கொள்வார்.

என் கையைப் பற்றி அவர் சொன்னது ஆறே மாதத்தில் உண்மையாயிற்று. எங்கள் கட்டடத்தில் எல்லார் வீட்டிலும் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் உண்டு. ஒரு குடம் நல்ல தண்ணீர் தருவதற்குள் அதைவிட அதிகமாகக் கழிவுத் தண்ணீரைத் துப்பும். அதைச் சாக்கடையில் விட மனம் வராமல் பக்கெட்டில் பிடித்து வைத்து, தரை துடைக்கவும் செடிக்கு ஊற்றவும் வைத்துக்கொள்வோம். கரிசல் காட்டில் பிறந்தவளுக்குத் தண்ணீரைக் கொட்டுவது பாவம். கோடை வந்தது. கண்ணாடிக்குள் அந்த ரோஜா போன்ற இலைகள் லேசாகச் சுருங்கியதைப் பார்த்தேன். ஐயோ, என் வீட்டில் ஓர் உயிர் தாகத்தோடு இருக்கிறதே என்று தினமும் காலையில் அந்தக் கழிவுத் தண்ணீரில் கால் டம்ளர் ஊற்ற ஆரம்பித்தேன். ஈர்க்கு குத்திப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

இரண்டு வாரத்தில் மண்மேல் வெள்ளையாக ஏடு படிந்தது. இலைகள் கண்ணாடிபோல ஆகி, தொட்டால் கழன்றன. அவரிடம் சொல்லப் பயந்து இன்னும் நான்கு நாள் கடத்தினேன். கடைசியில் அவரே ஏதோ வேலையாக மேலே வந்து பார்த்துவிட்டார். மண்மேல் இருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டி முகர்ந்தார்.

"இன்னாத்த ஊத்தின?"

சொன்னேன்.

"அந்த மெஷினு உப்ப அல்லாம் பிரிச்சு அதுலதான்மா தள்ளுது. ஒரு வேள ஊத்தினாலே தப்பு. இதுல தெனிக்கும் வேற ஊத்திக்கிற."

"வாடிப்போயிருந்துச்சுக்கா. பாவமா இருந்துச்சு."

"பாவம் பாத்து நீ ஊத்தல. பயந்துகினு ஊத்தியிருக்க. அது செத்துடுமோன்னு ஒனுக்குப் பயம். அந்தப் பயத்த அடக்க அதும் தலையில ஊத்திக்கிற. எலை சுருங்கினா அது தன்னோட கையிருப்ப செலவு பண்ணுதுன்னு அர்த்தம். அதுக்குத் தெரியும் இன்னா பண்ணணும்னு."

எனக்குச் சுருக்கென்றது. அழுகையும் வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அவர் அதையெல்லாம் கவனிக்காமல் தொட்டியைக் கவிழ்த்தார். மண், செடி, வேர் எல்லாம் குப்பைக்குப் போயின. குவியலுக்குள்ளிருந்து கெட்டியான மூன்று இலைகளை மட்டும் பொறுக்கி, பழைய செய்தித்தாளில் வைத்து, அலமாரி மேல் தூக்கிப் போட்டார். தண்ணீர் கிடையாது, மண் கிடையாது. "மூணு வாரம் அந்தப் பக்கமே போவாத" என்றார்.

நான் போகவில்லை. மூன்று வாரம் கழித்து எடுத்துப் பார்த்தபோது இலைகள் பாதியாக வற்றியிருந்தன. ஆனால் ஒவ்வொன்றின் காம்புப் பக்கத்திலும் நூல் போன்ற வேரும் கடுகளவு ஒரு குட்டிச் செடியும் இருந்தன. ஓடிப்போய்க் காட்டினேன். அவர் அதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. "நீ கம்முனு இருந்தியா, அது வேலையப் பாத்துது" என்றார். அந்த மூன்றிலிருந்துதான் என் தொட்டி மறுபடி உண்டானது. அதன் பிறகு நான் ஈர்க்கு இல்லாமல் ஊற்றியதில்லை.

இவ்வளவு உறுதியான மனுஷியை நான் ஒரே ஒரு முறை வேறு மாதிரி பார்த்தேன். மே மாதம், உச்சி வெயில். அவர் கணவரின் லாரி சந்து முனையில் நின்றிருந்தது. குழாய் மூட்டில் கசிந்து தார்ச்சாலையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீரில் நின்றிருந்தார். கண் மூடியிருந்தது. நான் பார்த்துவிட்டதைத் தெரிந்துகொண்டு கண்ணைத் திறந்தார். "காலாவது குடிக்கட்டும்" என்றார். நான் பக்கத்தில் போய், நானும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

பழகி மூன்றாவது வருடம் அந்த மழை வந்தது. புதன்கிழமை அவர் டயாலிசிஸ் முடித்துவிட்டுத் திரும்பினார். அன்று மாலை பிடித்த மழை வியாழக்கிழமை விடவே இல்லை. ஏரி நிரம்பிச் சந்துக்குள் தண்ணீர் புகுந்தது. அவர் கணவர் லாரியோடு பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். இடுப்பளவுத் தண்ணீரில் என் கணவர் போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் எடுத்து வந்தது மூன்று பொருள்கள்தான்: மாத்திரைப் பை, சர்பத் பாட்டில், எடை பார்க்கும் தட்டு. தொட்டிகளையெல்லாம் அப்படியே விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் இல்லை. கரண்ட் இல்லை, போன் இல்லை, படகும் வரவில்லை. உடம்பில் எவ்வளவு தண்ணீர் தங்கியிருக்கிறது என்று அறிய அவர் என் கூடத்தில் எடைத் தட்டில் ஏறிப் பார்த்தார். பாட்டிலை எடுத்து, பாதிக்கும் கீழே ஓர் இடத்தில் என் நெயில் பாலிஷால் கோடு போட்டார்.

"இனிமே இதான் என் அளவு. மெஷினுக்குப் போற வரிக்கும். மேல் மாடியில வாயப்பயம் குடுத்தனுப்புவாங்க, எளநீ குடுத்தனுப்புவாங்க. அதுல கீற பொட்டாசியம் எனுக்கு வெஷம், நெஞ்ச நிறுத்திடும், கிட்ட கொண்டாராத. இன்னொண்ணு கேட்டுக்க. நான் கேட்டாலும் தண்ணி குடுக்காத. அயுதாலும் குடுக்காத. ஊட்ல ஊத்தற கை நீதான். புர்தா?"

புரிந்தது. ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். உள்ளே, நான் ஒரு டம்ளர் அதிகம் கொடுத்தால் என் வீட்டிலேயே மூச்சு முட்டிப் போய்விடக்கூடிய ஒருத்தி. வெள்ளிக்கிழமை முழுவதும் அவர் தெம்பாகத்தான் இருந்தார். என் தொட்டியைப் பார்த்துவிட்டு, மழைக்காலத்தில் காற்று ஈரமாக இருக்கும், அதுவே போதும், ஒரு மாதம் ஈர்க்குகூட வேண்டாம் என்று எனக்கு உத்தரவு போட்டார். தாகம் அடங்க எலுமிச்சம்பழத்தைக் கீறி முகர்ந்துகொண்டார்.

சனிக்கிழமை அவர் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு வாங்கியது, அதனால் சுவரில் தலையணையை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தார். சாயங்காலம் நான்கு மணி இருக்கும். பாட்டிலில் கோடு வரை நிரப்பிய அன்றைய தண்ணீர் காலியாகிவிட்டிருந்தது.

"ஒரு வாய் குடும்மா" என்றார்.

நான் மாட்டேன் என்று தலையசைத்தேன்.

"தொண்ட ஒட்டிக்கிச்சு. ஒரே ஒரு வாய்."

"இல்லக்கா."

"ஒரு டம்ளரா கேக்கறேன்? ஒரு வாய்தான கேக்கறேன். மன்ஷியா நீ?"

ஒரு காலத்தில் அவர் குடிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டவள் நான். அவர் கேட்ட முதல் தண்ணீரை இல்லை என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் ஊரில் யாராவது பார்த்திருந்தால் என்னை மனுஷி என்று சொல்லியிருக்க மாட்டார்கள். எழுந்து போய்க் கைக்குட்டை நுனியை நனைத்து, பிழிந்து, அவர் உதட்டை மட்டும் துடைத்துவிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கால் மணிக்கு ஒரு முறை அதையே செய்தேன். அன்று முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை. கடைசி வரை கொடுக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கீழே பெரிய ஹாரன் சத்தம் கேட்டது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அவர் கணவரின் லாரி எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. உயரமான சக்கரம் என்பதால் பாதி மட்டும்தான் முழுகியிருந்தது. லாரி முழுக்கத் தண்ணீர் நிரப்பியிருந்தார். வெள்ளத்துக்குள் தண்ணீர் லாரியா என்று மாடியிலிருந்து யாரோ சிரித்தார்கள்.

"காலி வண்டிய வெள்ளம் தூக்கிகினு பூடும் சார்" என்று அவர் மேலே பார்த்துச் சொன்னார். "கனம் வோணும். அதான் ரொப்பிகினு வந்தேன்."

என் கணவரும் அவர் கணவருமாகத் தூக்கி அக்காவை முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். மூச்சு இழுத்தது. அப்போதும் கண்ணாடியை இறக்கி என்னைத் தேடினார்.

"குடுக்கல பாரு" என்றார். "நல்ல கை."

மாலையில் லாரி திரும்பி வந்தது. டயாலிசிஸ் மையத்தில் ஜெனரேட்டர் ஓடியதாம், இவருக்கு உடனே மெஷின் கொடுத்துவிட்டார்களாம், பிழைத்துக்கொண்டார். அந்தப் பன்னிரண்டாயிரம் லிட்டரை எங்கள் கட்டடமே குடம் குடமாகப் பிடித்துக்கொண்டது.

வெள்ளம் வடிந்தபோது அவர் வீட்டில் தொட்டி ஒன்றுகூடத் தப்பவில்லை. சேறும் அழுகிய இலையும்தான் மிச்சம். நான் ஆறுதல் சொல்லப் போனேன். அவர் ஏற்கெனவே தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். என்னோடு மேலே வந்து என் தொட்டியிலிருந்து பதினைந்து இலை பறித்துக்கொண்டார். அனுமதியெல்லாம் கேட்கவில்லை. "என்துதான இது" என்றார். அந்த இலைகள் செய்தித்தாளில் காய்ந்து வேர் விடும் வரை காத்திருந்து, மறு வருடம் வாசலில் மறுபடி வரிசையை நிறுத்திவிட்டார்.

மாற்றுச் சிறுநீரகத்துக்கு அவர் எப்போதோ பெயர் எழுதி வைத்திருந்தார். நான்காவது வருடம் ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. முகம் தெரியாத யாரோ ஒருவருடைய வீட்டார் அவ்வளவு துக்கத்திலும் பெரிய மனது செய்திருந்தார்கள். ஆபரேஷன் முடிந்து மாதக்கணக்கில் யாரையும் பார்க்க விடவில்லை. அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு நெமிலிச்சேரியில் ஒரு மாடி வீட்டுக்குப் போவதாகத் தீர்மானமாயிற்று, வெள்ளம் எட்டாத உயரம் என்பதால். இப்போதும் அங்கேதான் இருக்கிறார்கள்.

சாமான் ஏற்றிய அன்று அவர் மேலே வந்தார். முகக்கவசம் போட்டிருந்தார். படியில் ஓர் இடத்திலும் நிற்கவில்லை என்பதைக் காலடிச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டேன். கிழக்கு ஜன்னலுக்குப் போய், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஓரடி தள்ளி நின்று தொட்டியைப் பார்த்தார்.

"தொட மாட்டேன். மண்ணுல பூஞ்சக் காளான் இருக்குமாம். கிட்டயே போவாதன்ட்டாரு டாக்டரு. வாசல்ல கீற தொட்டி அல்லாம் ஒனுக்குத்தான். ஈர்க்கு குத்தினியா?"

"குத்தினேன். சுத்தமா வந்துச்சு. நாளைக்கு ஊத்தணும்."

தலையசைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் வழக்கம்போல எதுவும் நீட்டாமல் எதிரில் உட்கார்ந்தேன். நான்கு வருடத்தில் அப்படித்தான் பழகியிருந்தேன்.

"தண்ணி குடு" என்றார்.

"தொட்டிக்கா? நாளைக்குத்தானக்கா..."

"எனுக்கு. காய்ச்சி ஆற வெச்சது இருந்தா குடு. தெனிக்கும் மூணு லிட்டரு குடிக்கச் சொல்லிக்கிறாங்க."

உள்ளே போய் அந்தப் பழைய எவர்சில்வர் டம்ளரைத் தேடி எடுத்தேன். ஊற்றும்போது பாதி வெளியே சிந்தியது. கொண்டுவந்து நீட்டினேன். அவர் முகக்கவசத்தை இறக்கினார். இரண்டு கையாலும் டம்ளரை வாங்கி, நிறுத்தாமல் கடைசிச் சொட்டு வரை குடித்தார். அவர் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ருசியே இல்ல. இந்தத் தண்ணிக்கா அன்னிக்கு அவ்ளோ மூஞ்சியத் தூக்கி வெச்சுகின?" என்று கேட்டுவிட்டு, டம்ளரை மறுபடி நீட்டினார்.

விளிம்பு வரை ஊற்றினேன்.